பாதம் கழுவும் தலைமை

முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்தில், புழுதிப் பாதைகளில் நடந்து வந்த விருந்தினருக்குக் கால் கழுவத் தண்ணீர் தருவது விருந்தோம்பலின் கடமையாக இருந்தது. கழுவிவிடும் வேலையோ பெரும்பாலும் அடிமைகளுக்கு உரியதாகக் கருதப்பட்டது. இறுதி இரவுணவின்போது இயேசு மேலுடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்றும், அவர்களுள் ஒருவரான பேதுரு முதலில் அதற்கு உடன்படவில்லை என்றும் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் கூறுகிறது. கிறிஸ்தவத்தில் தலைமைக்கு உரைகல்லாக அமைந்தது இச்செயலே.

6ஆம் நூற்றாண்டு இத்தாலியில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கு இதனை வழக்கமான கடமையாக்கியது. துறவிகள் வாரமுறை வைத்துச் சமையற்கூடத்தில் பணிபுரிந்தனர். சனிக்கிழமையன்று முறை முடிப்பவர் கைகால் துடைக்கும் துண்டுகளைத் துவைத்துவைத்து, அடுத்து முறை ஏற்பவரோடு சேர்ந்து அனைவருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். மடத்திற்கு வரும் விருந்தினரின் கைகளுக்கு மடத்தின் தலைவரே தண்ணீர் வார்த்து, துறவிகளுடன் சேர்ந்து அவர்களுடைய பாதங்களையும் கழுவ வேண்டும் என்றும், ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனி அக்கறையோடு வரவேற்க வேண்டும் என்றும் அவ்வொழுங்கு விதித்தது. துறவியாக வாழ்ந்து 590இல் திருத்தந்தையான முதலாம் கிரகோரி, இறைவனின் ஊழியர்களுக்கு ஊழியன் என்றே தம்மைக் குறிப்பிட்டுக்கொண்டார்.

எனினும், பதவி உயர உயரப் பணிவிடை மறக்கப்படும் என்பதையும் வரலாறு காட்டுகிறது. இயேசுவின் இறுதி இரவுணவை நினைவுகூரும் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் வழக்கத்தைச் சில ஆயர்கள் கைவிட்டதால், 694இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய சங்கம், அதாவது ஆயர்களின் பேரவை, அதனைக் கட்டாயமாக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் அரசர்களும் அச்சடங்கை ஏற்றனர். ஆனால் முதலாம் எலிசபெத் காலத்தில், அரசி தொடுவதற்கு முன்பே அரண்மனைப் பணியாளர்கள் ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவித் தூய்மையாக்கிவைத்தனர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பின் அரசர்கள் தாமே கழுவுவது நின்றுபோய், காலப்போக்கில் ஏழைகளுக்கு நாணயம் வழங்குவது மட்டுமே எஞ்சியது.

கத்தோலிக்கத் திருச்சபையில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் செய்த சீர்திருத்தம் இச்சடங்கைப் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையிலுள்ள இளையோர் சிறைக்குச் சென்று, பெண்களும் இசுலாமியரும் உள்ளிட்ட பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். 2016இல் வெளியான ஆணை, அதுவரை ஆண்களுக்கே உரியதாயிருந்த இச்சடங்கில் பெண்களுக்கும் இடமளித்தது.

சமையற்கூட வேலையோடும் வாசலுக்கு வந்த ஏழையோடும் இணைந்திருந்த வரை பாதம் கழுவுதல் தலைவர்களை உண்மையாகவே குனிய வைத்தது. ஆண்டுக்கு ஒருநாள் காட்சியாகச் சுருங்கியபோது அது பதவிக்கு அணிகலனாயிற்று. ஆதலால் கிறிஸ்தவத் தலைமையை அளக்க வேண்டிய இடம், பெரிய வியாழனுக்கு அடுத்து வரும் சாதாரண நாட்களே.