காப்பிக்கொட்டையும் வறுபதமும்

பச்சைக் காப்பிக்கொட்டைக்குக் காப்பியின் மணம் கிடையாது. சாம்பல் பூத்த பச்சை நிறமும், காய்ந்த புல்லை நினைவூட்டும் வாசனையும், பல்லுக்கு அசையாத கடினமுமாக அது இருக்கும். இடித்துக் கொதிக்க வைத்தாலும் துவர்ப்பேறிய கஷாயந்தான் மிஞ்சும். காப்பி என்று உலகம் அறிந்திருக்கும் சுவை நெருப்பின்மேல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் பிறப்பது. இருந்தும் காப்பியின் வரலாறு செடியின் வரலாறாகவும், தோட்டங்களின் வரலாறாகவும், குடித்தவர்களின் சமூக வரலாறாகவும் எழுதப்பட்ட அளவுக்கு வறுப்பின் வரலாறாகத் தமிழில் எழுதப்படவில்லை. தமிழர் வாழ்வில் காப்பி புகுந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். அந்தக் காப்பி எந்தப் பதம்வரை வறுபட்டது, அப்பதத்தைத் தீர்மானித்தவர் யார் என்பது தனியே எடுத்துப் பேசத் தக்க கேள்வி.

ஆட்டிடையன் ஒருவன் தன் ஆடுகள் துள்ளுவதைக் கண்டு காப்பியைக் கண்டுபிடித்தான் என்ற கதை பலரும் அறிந்தது. அது 1671இல் ரோமில் அச்சான ஃபாஸ்டஸ் நைரோனின் இலத்தீன் நூலின் வழியே ஐரோப்பாவில் பரவியது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட சான்று. ஐயத்துக்கு அதிகம் இடமில்லாத செய்தி, பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வழிபாட்டில் உறக்கம் தவிர்க்கக் காப்பி அருந்தினர் என்பதே. ஏமனில் பழத்தின் உலர்ந்த தோலைக் காய்ச்சிய குடிநீர் ஒன்றும், கொட்டையை வறுத்துக் காய்ச்சிய குடிநீர் ஒன்றுமாக இரண்டு வழக்கில் இருந்தன. தோலின் குடிநீருக்குக் ‘கிஷ்ர்’ என்று பெயர். இன்றும் ஏமனில் அது உண்டு. உலகை வென்றது வறுத்த கொட்டைதான். அரபு வளைகுடாவில் கொட்டையைப் பொன்னிறம் தாண்டவிடாமல் இளம்பதமாக வறுத்து, ஏலக்காய் சேர்த்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் சிறு கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். தென் இத்தாலியிலோ எண்ணெய் கசிந்து மினுங்கும்வரை கொட்டையைக் கறுக்க விடுகிறார்கள். ஒரே இனத்துக் கொட்டையும் இந்த இரண்டு பதங்களில் இரண்டு பானங்களாகிவிடும்.

அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் நிகழ்வதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பச்சைக்கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு ஈரம் இருக்கும். முதலில் அது வெளியேறும், கொட்டை மஞ்சளாகும், ரொட்டி சுடும் வாசனை எழும். 150 பாகை செல்சியஸைக் கடந்தபின் கொட்டையிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. ஏறத்தாழ 195 பாகையில் உள்ளே அடைபட்ட நீராவியும் கரியமில வாயுவும் கொட்டையை வெடிக்கச் செய்கின்றன. நெல் பொரிவதைப் போன்ற இந்த ஓசைதான் முதல் வெடிப்பு. இங்கே நிறுத்தினால் இளவறுப்பு. மேலும் இரண்டு மூன்று நிமிடங்கள் விட்டால் நடுப்பதம். 225 பாகையை ஒட்டி இரண்டாம் வெடிப்பு, சருகு மிதிபடுவதுபோல மெலிதாகவும் அடுக்கடுக்காகவும் கேட்கும். அப்போது கொட்டையின் உட்கூடு முறிந்து எண்ணெய் மேற்பரப்புக்கு வரத் தொடங்கும். அதற்கப்பால் இருப்பது கருவறுப்பு. இளவறுப்பில் எடையில் எட்டில் ஒரு பங்கும், கருவறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு வரையும் குறைந்துவிடும். கொட்டையோ ஊதிப் பெருத்திருக்கும்.

சுவையின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. கொட்டையோடு பிறந்த எலுமிச்சை அமிலமும் ஆப்பிள் பழத்தில் காணப்படும் அமிலமும் வறுக்க வறுக்கக் குறைகின்றன. ஆகவேதான் இளவறுப்பில் பழப்புளிப்பும் கருவறுப்பில் அதன் இன்மையும். துவர்ப்புக்குக் காரணமான குளோரோஜெனிக் அமிலம் நடுப்பதத்தில் சிதைந்து இதமான கசப்பைத் தரும் பொருள்களாகிறது. கருவறுப்பில் அவையும் சிதைந்து நாவில் ஒட்டிக்கொள்ளும் கடுங்கசப்பாகின்றன. கசப்பின் இந்த இரண்டு படிகளை ஜெர்மானிய வேதியியலர் தாமஸ் ஹோஃப்மன் குழுவினர் 2007இல் விளக்கிக் காட்டினர். மணத்தைப் பற்றிய ஆய்வு அதற்கு நெடுங்காலம் முந்தியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஷ்டவுடிங்கரும் ரைக்ஷ்டைனும் 1920களிலேயே வறுத்த காப்பியின் மணத்தைப் பகுத்து ஆராய்ந்து, கந்தகம் கலந்த ஃபர்ஃப்யூரில் தயோல் என்ற பொருளை அதில் இனங்கண்டனர். அன்று முதல் கண்டறியப்பட்ட மணப்பொருள்கள் எண்ணூற்றுக்கும் மேல். வறுப்பால் ஏறக்குறைய மாறாதிருப்பது காஃபீன் ஒன்றே. கறுத்த காப்பியே ‘ஸ்ட்ராங்’ காப்பி என்ற நம்பிக்கை நாவின் முடிவு. நரம்பு அதை ஒப்புக்கொள்வதில்லை.

இதில் அரபிகாவுக்குத்தான் இழப்பு அதிகம். ரொபஸ்டாவைவிட அதில் காஃபீன் ஏறத்தாழப் பாதி. கரும்புச் சர்க்கரையோ ஏறத்தாழ இருமடங்கு. மலையின் உயரத்தில் மெல்லப் பழுத்த கொட்டையில் பூவின் மணமும் பழத்தின் புளிப்பும் நுட்பமாக அமைகின்றன. இளவறுப்பும் நடுப்பதமும் அவற்றை விட்டுவைக்கின்றன. இரண்டாம் வெடிப்பைத் தாண்டியபின் கோப்பையில் இருப்பது பெரும்பாலும் நெருப்பின் சுவை. எந்த மலை, எந்தச் செடி என்பது தெரியாது. தாழ்ந்த கொட்டையின் குறையையும் உயர்ந்த கொட்டையின் குணத்தையும் கருவறுப்பு ஒன்றுபோல் மறைத்துவிடும். வணிகர்கள் பலர் அதை விரும்பியதற்கு இது ஒரு காரணம்.

இனி வறுபதத்தைத் தீர்மானிக்கும் உரிமைக்கு வரலாம். பச்சைக்கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்த கொட்டை சில வாரங்களில் மணமிழக்கும். ஆகையால் காப்பி என்றும் பச்சையாகவே கடல் கடந்தது. குடிப்பவர் இருக்கும் ஊரிலேயே வறுபட்டது. பாபா புதன் ஏழு விதைகளைச் சந்திரகிரி மலைக்குக் கொணர்ந்தார் என்ற செவிவழிக் கதையை ஒதுக்கிவிட்டாலும், 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிட்டது முதல் சேர்வராயனும் நீலகிரியும் பிற மலைகளும் தோட்டங்களாயின. இலங்கையின் மலைநாட்டில் 1830கள் முதல் காப்பி பரவியபோது, மன்னார் வழியே காடுகளைக் கால்நடையாய்க் கடந்து கொட்டை பறிக்கச் சென்றவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். வழியில் மாண்டவர் பலர். அங்கே பறித்த கொட்டை வண்டியேறிக் கொழும்புக்கு வந்து, தோல் நீக்கிப் பொறுக்கப்பட்டு லண்டனுக்குப் போயிற்று. 1869இல் இலைத்துரு நோய் தோன்றி இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பியை ஏறத்தாழ அழித்து, அவ்விடத்தைத் தேயிலைக்குக் கொடுத்தது. இக்கரையில் 1861இல் கோயம்புத்தூரில் தொடங்கிய ஸ்டேன்ஸ் நிறுவனம் காப்பி பதப்படுத்தும் ஆலை நடத்தியது. ‘பதப்படுத்துதல்’ என்ற அச்சொல் உலர்த்தி, உமி நீக்கி, தரம் பிரித்து மூட்டையாக்குவதை மட்டுமே குறித்தது. சுவை பிறக்கும் கடைசிப் பதம் லண்டன் வணிகரின் கையில் இருந்தது. பறித்தவர்களின் கைக்கு அந்தக் கொட்டை சேர்ந்ததே அன்றி, நாவுக்குச் சேரவில்லை.

கடல்வழியே கூட ஒரு பதம் நேர்ந்தது என்பது வேடிக்கையான உண்மை. பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஆறு மாதம் போன காலத்தில் ஈரக்காற்றால் கொட்டை வெளுத்து, ஊதி, புளிப்பை இழந்து போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்கள் அதற்கே பழகிவிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் சுருங்கிய பிறகு பழைய சுவை வேண்டும் என்று அவர்கள் கேட்க, மேற்குக் கரைக் கிடங்குகளில் பருவக்காற்றில் கொட்டையைப் பரப்பி அதே மாற்றத்தைச் செயற்கையாக உண்டாக்கினர். ‘மான்சூன்ட் மலபார்’ என்ற பெயரில் அது இன்றும் ஏற்றுமதியாகிறது.

அமெரிக்காவில் நடந்த மாற்றம் தமிழகத்துக்கு முன்னோடி எனலாம். அங்கும் இல்லத்தரசிகள் பச்சைக்கொட்டை வாங்கி அடுப்பில் வறுத்து வந்தனர். 1864இல் நியூயார்க்கின் ஜேபஸ் பர்ன்ஸ், நெருப்பிலிருந்து அகற்றாமலே தானே கொட்டையை வெளியே தள்ளும் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டைக்கு முட்டையும் சர்க்கரையும் பூசி, மணம் போகாமல் பொட்டலமாக்கி, 1873 முதல் ‘அரியோசா’ என்ற பெயரில் நாடெங்கும் விற்றனர். ஒரு தலைமுறைக்குள் வறுக்கும் அறிவு வீடுகளை விட்டு அகன்றது.

தமிழ் வீடுகளில் அது மேலும் அரை நூற்றாண்டுக்கு நிலைத்தது. காப்பி குடித்த குடும்பங்களில் இரும்பு வாணலியிலோ, கரியடுப்பின்மேல் கையால் சுற்றும் உருளையிலோ கொட்டை வறுபட்டது. சுவரிலோ மேசையிலோ திருகி வைத்த கையரவையில் அன்றன்றைக்குப் பொடியாயிற்று. வெப்பமானியும் கடிகாரமும் இல்லாத இடத்தில் காதும் மூக்கும் கண்ணுமே அளவைகள். வெடிப்போசைக்குப் பின் எத்தனை கிளறல், புகையின் நிறம் எப்போது மாறும், இறக்கிய பின்னும் வாணலிச் சூட்டில் கொட்டை எவ்வளவு கறுக்கும் என்பவற்றை வறுத்தவர்கள் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்கு வீடு காப்பி வேறாயிருந்தது.

பிறகு வறுத்து அரைத்துத் தரும் கடைகள் வந்தன. “பீபரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி” என்று கேட்கும் வழக்கம் தமிழ் நகரங்களில் ஊன்றியது. இப்பெயர்களை ஊன்றி நோக்கினால் ஒன்று புலப்படும். பிளாண்டேஷன் என்பது நீரில் கழுவிப் பதமிட்ட அரபிகா. ‘ஏ’ என்பது 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற கொட்டை. பீபரி என்பது பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒன்றாகத் திரண்ட உருண்டைக் கொட்டை. அதன் உருட்சி வறுக்கும்போது நாற்புறமும் சீராகச் சூடேற உதவும். தட்டைக் கொட்டையின் ஒருபுறம் வாணலியில் தீயலாம். ஆக, அளவுக்கும் வடிவத்துக்கும் பெயர் இருந்தது. ஏற்காட்டுக்கோ பழனிமலைக்கோ வால்பாறைக்கோ கடைப்பலகையில் பெயர் இல்லை. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்தபோது தேங்கிய கொட்டையை விற்க 1940இல் அரசு தலையிட்டது. 1942இன் சட்டம் காப்பி வாரியத்தை நிலைப்படுத்தியது. எல்லாத் தோட்டத்தின் விளைச்சலும் ஒரே தொகுப்பில் கலந்து, தரவரிசைப்படி ஏலம் போயிற்று. உழவனுக்கு ஒரு பாதுகாப்பு அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தோட்டத்துக் கொட்டைக்குரிய வறுபதம் எது என்று தேடும் தேவையே அதனால் இல்லாமற் போயிற்று.

அக்கடைகளின் பதம் பெரும்பாலும் நடுப்பதத்துக்கு மேல், கருமை நோக்கியது. இதை நாவறியாமை என்று இகழ்வது தவறு. தமிழரின் காப்பி பாலோடு கூடியது. பாலின் புரதம் துவர்ப்பையும் கசப்பையும் மழுக்கிவிடும் என்பதால், அதைத் தாண்டி நிற்க அழுத்தமான டிகாக்ஷன் வேண்டும். நன்கு வறுத்த கொட்டை நுண்துளை மிகுந்து, பித்தளை ஃபில்டரில் சொட்டும் நீருக்குத் தன் சாரத்தை எளிதாகத் தந்துவிடுகிறது. மாறாக, இளவறுப்பின் பழப்புளிப்பு பாலில் கலந்தால் பால் திரிந்ததோ என்ற ஐயத்தைக் கிளப்பும். நெப்போலியன் காலத்து வணிகத் தடையின்போது பிரான்சில் காப்பிக்கு ஈடாகப் பரவிய சிக்கரி வேரும் இங்கே இடம்பிடித்தது. அது நிறத்தையும் கனத்தையும் தரும், காஃபீன் தராது. நூற்றுக்கு 49 பங்கு வரை சட்டம் அனுமதித்த கலப்பு அது. பால், சர்க்கரை, சிக்கரி, கருவறுப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கும் ஒரு கட்டுமானம். அதற்குள் அரபிகாவின் மென்மணம் நுழைய இடம் குறைவு என்பதும் உண்மையே. தாங்கள் விரும்புவது நெருப்பின் சுவையையா, மலையின் சுவையையா என்று அந்நாளைய குடிப்பவர்களிடம் எவரும் கேட்டதில்லை.

கேள்வி வேறிடத்தில் எழுந்தது. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆல்ஃபிரட் பீட் கருவறுப்பை உயர்தரத்தின் அடையாளமாக்கினார். 1970களில் பாஸ்டன் பகுதியில் கடை திறந்த ஜார்ஜ் ஹவல், விளைநிலத்தின் குணம் தெரிய வேண்டுமானால் இளம்பதமே தகும் என்று வாதாடி விற்றார். ஹவலின் கடைகளை 1994இல் ஸ்டார்பக்ஸ் வாங்கியது. ஆயினும் அவர் கட்சி பின்னர் நார்வே முதலிய வடநாடுகளில் வலுப்பெற்றது. இந்தியாவில் 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்த தொகுப்பு முறை 1996க்குள் நீங்கியது. உழவர் தம் கொட்டையைத் தாமே விற்கலாயினர். தோட்டத்தின் பெயரும் வறுத்த நாளும் பதமும் அச்சிட்ட பொட்டலங்கள் இந்திய நகரங்களில் விற்பனைக்கு வந்துள்ளன. 2019இல் ஐந்து இந்தியக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குடகு, சிக்கமகளூர், பாபா புதன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகிய நான்கின் அரபிகாவும் வயநாட்டின் ரொபஸ்டாவும் அவை. சேர்வராயனும் பழனிமலையும் அப்பட்டியலில் இல்லை.