கன்னியர் மடத்திலிருந்து வந்த ஊசி

கருத்தரிப்பு மையத்துக்குப் போனவர்களுக்கு அந்த ஊசியை நன்றாகத் தெரியும். மாதவிலக்கான இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கித் தினமும் போடுவார்கள். ஒரு கருமுட்டை வளர வேண்டிய மாதத்தில் பல வளரும். அந்த மருந்தின் பூர்வீகம் சிறுநீர்.

1920-களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இருவர் கர்ப்பிணியின் சிறுநீரைக் குட்டிச் சுண்டெலிக்குச் செலுத்தினார்கள். பருவமெய்தாத எலியின் சினைப்பை விழித்துக்கொண்டது. மாதவிடாய் நின்றவர்களின் சிறுநீரிலும் சினைப்பையைத் தூண்டும் சரக்கு ஏராளம் என்பதும் விரைவில் தெரிந்தது. சினைப்பை ஓய்ந்த பிறகும் பிட்யூட்டரி சுரப்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்க ஆளில்லாத ஹார்மோன் சிறுநீரில் இறங்கிவிடுகிறது. யூதரான ஸோண்டெக்கை நாஜிகள் விரட்ட, அவர் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார்.

இதற்கிடையே சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து எடுத்தார்கள். மனித உடல் அதை எதிர்த்தது. 1958-இல் ஸ்வீடனின் கெம்ஸெல் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்தே எடுத்தார். பலித்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் அவ்வகை ஊசி போட்டுக்கொண்ட சில பெண்கள் பல ஆண்டுகள் கழித்து மூளை நோயால் இறந்தார்கள்.

ரோமில் செரோனோ கம்பெனியின் டொனினி 1940-களின் கடைசியிலேயே சிறுநீரிலிருந்து அந்த ஹார்மோனைப் பிரித்து, ‘பெர்கோனல்’ என்று பெயரும் வைத்துவிட்டார். வாங்கத்தான் ஆளில்லை. சில ஆண்டுகள் கழித்து வியன்னாவில் பிறந்த லுனென்ஃபெல்ட் என்ற இளம் மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீர் லிட்டர் லிட்டராக வேண்டும், அதில் ஒரு கர்ப்பிணியின் துளிகூடக் கலக்கக் கூடாது என்றார். அப்படி எங்கே கிடைக்கும்? கம்பெனி இயக்குநர்களில் ஒருவர் போப் பன்னிரண்டாம் பயஸின் உறவினரான இளவரசர் பாசெல்லி. முதிய கன்னியாஸ்திரிகள் வாழும் மடங்களின் கதவு அவர் வழியாகத் திறந்தது என்று லுனென்ஃபெல்ட் பின்னாளில் சொன்னார். இதைவிடப் பத்திரமான கொள்முதல் இடம் உலகத்தில் இருந்திருக்காது! கத்தோலிக்க மடத்துச் சரக்கில் முதல் குழந்தை 1962-இல் பிறந்தது, ஊர் இஸ்ரேல்.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுனுக்கு இந்த ஊசி தேவைப்படவில்லை. இயற்கையாக வளர்ந்த ஒற்றை முட்டையே போதுமாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் பிறந்த, மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் உருவாக்கிய சோதனைக்குழாய் குழந்தைக்குப் பின்னால் இந்த வகை ஊசி இருந்தது. பல முட்டைகளை வளர்த்தெடுத்து, கருவை உறையவைத்துக் காத்திருந்து கருப்பையில் வைத்தார். பிற்பாடு உலகமே பின்பற்றிய வழி அது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை.

தேவை பெருகியதும் மடங்கள் போதவில்லை. இங்கே கதைக்குள் ஓர் எலி மறுபடி நுழைகிறது. 1948 கடைசியில், கம்யூனிஸ்டுகள் நெருங்கிக்கொண்டிருந்த சீனாவிலிருந்து சில ஹாம்ஸ்டர் எலிகள் பெட்டியில் அடைபட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறின. அவற்றின் வம்சத்து ஒன்றின் சினைப்பையிலிருந்து 1957-இல் டென்வரில் எடுத்த செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே போயின. அவற்றுக்குள் மனித மரபணுவை நுழைத்து ஹார்மோன் சுரக்கவைத்தார்கள். 1995-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. முதலில் விற்றது அதே செரோனோதான்.

சிறுநீர் ஊசி ஒழிந்துவிடவில்லை. ஹாம்ஸ்டர் செல் மருந்தைவிட விலை குறைவு என்பதால் நம் ஊர் மையங்களில் இன்றும் அது ஓடுகிறது. மருந்துச் சீட்டில் ‘மெனோட்ரோபின்’ அல்லது ‘ஹெச்.எம்.ஜி.’ என்று எழுதியிருந்தால் அதுதான்.