ஹஜ் போறவங்க கவனத்துக்கு: விசாவில் உஷார்!

புனித ஹஜ் பயணத்துக்கு ஹஜ் விசா கட்டாயம். "டூரிஸ்ட் விசா போதும், மத்ததை அங்க பார்த்துக்கலாம்" என்று சொல்லும் ஏஜெண்டுகளை நம்பி ஏமாற வேண்டாம்.

2024-ம் ஆண்டு ஹஜ்ஜின்போது மெக்காவில் வெயில் 51 டிகிரி செல்சியசை தாண்டியது. பலியான 1,301 பேரில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். கூடாரம், நிழல் இல்லாமல் கொளுத்தும் வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள் என்று சவுதி அரசு அறிவித்தது.

தமிழக பயணிகள் இந்திய ஹஜ் கமிட்டி மூலம் விண்ணப்பிக்கலாம். மனுக்கள் அதிகமானால் குலுக்கல் நடக்கும். இல்லாவிட்டால், மத்திய அரசு அனுமதி பெற்ற தனியார் நிறுவனம் மூலம் போகலாம்.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை சவுதி போய் சேருவதற்கு 10 நாள் முன்பே போட்டாகணும். இஹ்ராம் உடையில் ஆண்கள் தலையை மூடக்கூடாது. ஆனால் குடை பிடிக்கலாம். வழக்கமா சாப்பிடுற மாத்திரை, டாக்டர் சீட்டு கைப்பையிலேயே இருக்கட்டும். மினா, அரபாவில் நிறைய நடக்கணும். இப்பவே தினமும் நடந்து பழகுங்க!