காயலான் கடைச் சரித்திரம்

வீட்டுக்கு ஓர் இரும்புக் கேட் வாங்கத்தான் போனேன். பூந்தமல்லிக்கு இப்பால், கரையான்சாவடிப் பக்கத்தில் ஒரு காயலான் கடை இருக்கிறது. பழைய ஜன்னல் கம்பி, லாரிப் பட்டை, கிழிந்த தகரம், கால் ஒடிந்த மேஜை எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மோட்சத்துக்குக் காத்துக்கிடக்கும். அந்தக் குவியலுக்குப் பின்னால், சிமெண்டு கலக்கும் யந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு, கோயில் வாசலில் கதையைப் பறிகொடுத்த துவாரபாலகர் மாதிரி ஓர் உருவம் நின்றது. ஏழடி உயரம். பச்சைச் சாயம். நெஞ்சுக்கு நேரே கடிகார முகம் போல ஒரு வட்டம். தலைப்பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள்; ஒன்று முழுசு, மற்றது வாய் உடைந்தது. விலாவில் ஒரு நீண்ட இரும்புக் கைப்பிடி.

"என்ன இது?" என்றேன்.

"வெள்ளைக்காரன் காலத்துப் பெட்ரோல் பம்பு, சார். கரண்ட்டே வேணாம், கையாலேயே அடிக்கலாம். இந்த மாதிரி ரேர் பீஸ் இந்தியாவிலேயே கிடையாது."

'இந்தியாவிலேயே கிடையாது' என்று ஒரு வியாபாரி சொன்னால், அதே போல இன்னொன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டும். இந்த ஞானம் எனக்குப் பிற்பாடுதான் வந்தது. 25,000 கேட்டார், 18,000-க்கு முடித்தேன். ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, அம்பத்தூரில் என் வீட்டு வாசலில் இறக்கியபோது, என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கேட் எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இரும்புச் சாமான் எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். எனக்கே தெரியவில்லை. பழைய ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் உண்டு, நாணயம் சேர்க்கிறவர்கள் உண்டு. பழைய மோட்டாருக்குச் சென்னையில் சங்கமே இருக்கிறது. அந்த மோட்டார்களுக்கெல்லாம் தாகம் தீர்த்த பாத்திரத்தை யாரும் அவ்வளவாகச் சீந்துவதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒரு பம்பின் உச்சியில் இருக்கும் கண்ணாடி உருண்டை விளக்குக்காகவே சொத்தை எழுதிவைக்கிற மனிதர்கள் இருக்கிறார்களாம். அதனாலேயே போலி விளக்குகளும் ஏராளம்.

முதலில் இந்த யந்திரம் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த அசட்டுத்தனம் உங்களுக்குப் புரியாது. தரைக்கு அடியில் தொட்டி. கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஏறி ஒரு குடுவையில் நிறையும். குடுவைக்குள்ளே நட்டநடுவில் ஒரு பித்தளைக் குழாய் நிற்கும். பெட்ரோல் அந்தக் குழாயின் வாய் வரைக்கும்தான் ஏறும். அதற்கு மேல் ஒரு சொட்டு வந்தாலும் குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பிவிடும். ஆகவே குடுவையின் அளவை நிர்ணயிப்பது கண்ணாடி அல்ல, அந்தக் குழாயின் உயரம். ஒரு குடுவை நிறைந்ததும் திருகைத் திருப்பினால் அது ரப்பர் குழாய் வழியே மோட்டாரில் இறங்கும். அதற்குள் அடுத்தது நிறைந்துவிடும். ஒவ்வொரு குடுவை காலியாகும்போதும் வட்டத்திலுள்ள முள் ஒரு எண் நகரும்.

கண்ணாடி எதற்கு? வாங்குகிறவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அளப்பவனை நம்பாத உலகம் கண்டுபிடித்த சாதனம் இது. நம் ஊரில் படியைத் தலைதட்டி அளக்கும்போது பெண்கள் குனிந்து பார்ப்பார்களே, அதே விவகாரம்தான்.

பம்பின் பூர்வீகமோ இன்னும் வேடிக்கை. 1885-ல் அமெரிக்காவில் ஃபோர்ட் வேய்ன் என்ற ஊரில் ஸில்வேனஸ் பௌஸர் என்பவர் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு முதல் பம்பைச் செய்து விற்றார். எதற்குத் தெரியுமா? மண்ணெண்ணெய்க்கு. கடையில் எண்ணெய்ப் பீப்பாய் ஒழுகிப் பக்கத்திலிருந்த வெண்ணெயெல்லாம் நாறிப்போயிற்று என்று கதை சொல்வார்கள். தெருவிலே மோட்டார் ஓடுவதற்கு முன்பே அதற்குத் தீனி போடும் யந்திரம் பிறந்துவிட்டது. 1905-ல்தான் பௌஸரின் கம்பெனி மோட்டாருக்கென்று தெருவோரப் பம்பு செய்தது.

நமக்கும் முதலில் வந்தது மண்ணெண்ணெய்தான். நாலு காலன் டின்களில். காலன் என்றதும் எமன் ஞாபகம் வரவேண்டாம், இது 4.546 லிட்டர் கொண்ட ஆங்கிலேயக் காலன். அமெரிக்கக் காலன் இதைவிடச் சிறியது, 3.785 லிட்டர்தான். பழைய பம்பு வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த டின்கள் காலியானதும், வாய்க்குக் குறுக்கே ஒரு கட்டையை அடித்து, தமிழ்நாடு முழுவதும் தண்ணீர் சுமந்தார்கள். மோட்டார் வந்தபோது பெட்ரோலும் முதலில் டின்னில்தான் வந்தது. பம்பு பிறகு வந்தது.

எண்ணெய்க் கம்பெனி என்ற ஒன்று இருப்பதைச் சென்னை ஜனங்கள் ஒரே இரவில் தெரிந்துகொண்டார்கள். 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுட்டதில், பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றிக்கொண்டு எரிந்தன. கப்பல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. பலே கெட்டிக்காரனை இன்றைக்கும் 'எம்டன்' என்கிறோம்.

1928-ல் அந்த பர்மா கம்பெனியும் ஷெல் கம்பெனியும் இந்தியாவில் விற்பனைக்காகக் கூட்டுச் சேர்ந்தன. பர்மா-ஷெல் என்ற பெயர் பிறந்தது. என் பம்பின் பக்கவாட்டுத் தகடு ஒன்றில் அந்தப் பெயரின் பாதி, துருவுக்குத் தப்பி இருந்தது: 'பர்மா' என்ற பாதி. அந்த எழுத்துக்களைப் பார்த்தபோது எனக்கு எண்ணெய் ஞாபகம் வரவில்லை. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு கிழவியின் ஞாபகம்தான் வந்தது. ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவள் அவள்.

பர்மாவிலே யேனாங்யாவுங் என்று ஓர் ஊர். ஊர்ப் பெயருக்கே எண்ணெய் ஓடை என்றுதான் பொருள். அங்கே எடுத்த எண்ணெயை ரங்கூனுக்கு அருகே சிரியத்தில் சுத்தம் செய்து கப்பலில் ஏற்றினார்கள். 1942-ல் ஜப்பானியர் நெருங்கியபோது, அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ்காரர்களே மார்ச்சில் சிரியத்தையும் ஏப்ரலில் யேனாங்யாவுங்கையும் தகர்த்தார்கள். அதே மாதங்களில்தான் நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் காட்டிலும் மலையிலும் விழுந்து எழுந்து நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் எத்தனையோ பேர். பம்புக்குப் பெட்ரோல் அனுப்பிய தேசமும், நமக்கு மனிதர்களைத் திருப்பி அனுப்பிய தேசமும் ஒன்றே. யுத்தம் முடிந்து, வேறு தேசங்களிலிருந்து எண்ணெய் வந்த பிறகும், பம்புகளின் நெற்றியில் 'பர்மா' மட்டும் 1976 வரைக்கும் அழியாமல் இருந்தது.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது. 1941 முதல் கூப்பன். பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அந்த வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். கம்பெனி அதற்கென்றே வாயுக் கலம் தயாரித்து விற்றது. மேட்டில் பஸ் திணறினால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். என் பம்பு அப்போது எந்த ஊரில் நின்று கொட்டாவி விட்டதோ!

சரி, என் திருப்பணிக்கு வருகிறேன்.

புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. பழசு வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்குவான். வாங்கியதும் அதைப் புதுசாக்கத் துடிப்பான். கைப்பிடி அசையவில்லை. ஒரு வாரம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்ததில் அசைந்தது. உள்ளே பிஸ்டனின் தோல் வாஷர் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. பட்டரவாக்கத்தில் செருப்புத் தைக்கும் ஒருவர் புதுத் தோலை வட்டமாக வெட்டிக் கொடுத்தார். அதை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். இதுவரை நான் செய்தது சரி.

அடுத்தது சாயம். இதைச் சுரண்டுகிறவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், ஈர உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். பழைய சாயத்தில் ஈயம் உண்டு. பெட்ரோலிலேயே ஈயம் கலந்த காலம் அது. நம் நாட்டில் 2000 பிப்ரவரியில்தான் அதை முழுக்க நிறுத்தினார்கள். நான் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை போயிற்று, நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே மஞ்சள். வட்டத்தின் முகத்தில் 5, 10, 15 என்று ஐம்பது வரைக்கும் யாரோ தூரிகையால் எழுதியிருந்தார்கள். எழுத்து ஒன்றும் அழகாக இல்லை. ஐந்து கொஞ்சம் குப்புற விழுந்திருந்தது. அதைத் தேய்த்தேன். அடியில், தகட்டிலேயே பொறித்த எண்கள்: 1 முதல் 10 வரை, மேலே ஆங்கிலத்தில் காலன் என்று. எனக்கு ஒரே சந்தோஷம். புதையலை எடுத்தவன் மாதிரி ஐம்பது வரைக்கும் இருந்த எண்கள் அத்தனையையும் ஒன்று விடாமல் தேய்த்துத் தீர்த்தேன்.

குடுவைக்குள் இருந்த பித்தளைக் குழாயைப் பார்த்தேன். அதன் நுனியில் ஒரு சிறு துண்டு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்தது. 'எவனோ அரைகுறை வேலைக்காரன் ஒட்டுப்போட்டிருக்கிறான். அதை வெட்டி எறிந்துவிட வேண்டியதுதான்' என்று தீர்மானித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். 1960-களில் வந்த எஸ்டேட் அது. அங்கே வெட்டித் தர முடியாத உலோகம் ஒன்று உண்டா?

மறுநாள் காலையில் ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். எண்பதைத் தாண்டியவர். திருமுல்லைவாயிலில் மகன் வீடு. பட்டறையில் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டாராம். எம்.டி.எச். ரோடில் ஒரு பங்க்கில் பையனாகச் சேர்ந்து, தலை நரைக்கும் வரைக்கும் பெட்ரோல் போட்டவர். பம்பைச் சுற்றி வரவில்லை, நேரே கைப்பிடியில் போய்க் கையை வைத்தார்.

"என்ன தம்பி, நம்பரைச் சுரண்டிட்டீங்களே!"

"அது யாரோ மேலே எழுதினது ஐயா. ஒரிஜினல் அடியில் இருந்தது."

"அதுவும் ஒரிஜினல்தான். லிட்டர் வந்தப்போ எழுதினது."

எனக்குச் சுருக்கென்றது. 1956-ல் எடை, அளவுச் சட்டம். 1957 ஏப்ரலில் நயா பைசா. 1958-ல் கிலோ தலைகாட்டியது. 1962 ஏப்ரலுக்குள் படியும் வீசையும் சேரும் காலனும் சட்டப்படி செத்துப்போயின. சட்டப்படி என்றுதான் சொல்கிறேன். என் பாட்டி கடைசி மூச்சு வரைக்கும் ஆழாக்கில்தான் எண்ணெய் அளந்தாள். இதெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அந்தச் சட்டம் ஒரு நாள் ஒரு பெயிண்டரின் தூரிகையில் ஏறி, இந்த வட்டத்தின் முன்னால் வந்து நின்றிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"உள்ளே அந்தக் குழாயிலே ஒட்டுப்போட்டிருக்குமே, இருக்கா? அதையும் எடுத்துட்டீங்களா?" என்றார் பெரியவர்.

"இல்லை, நாளைக்கு எடுப்பதாக..."

"எடுத்துடாதீங்க. காலனுக்கு இருந்த குழாய் அது. லிட்டருக்கு மாத்தறப்போ உசரம் கூட்டினாங்க. அளவு இன்ஸ்பெக்டர் வந்து, கேனை வெச்சுப் பிடிச்சு, சொட்டுச் சொட்டாப் பாத்து, அப்புறம்தான் சீல் வெச்சாரு. அன்னிக்குப் பூரா வியாபாரம் இல்லை. நாங்க எல்லாரும் நின்னு வேடிக்கை பாத்தோம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு காலன் 4.546 லிட்டர். ஐந்து லிட்டராக வேண்டுமானால் இன்னும் 454 மில்லி. அந்த ஒட்டுத் துண்டு, நான் அரைகுறை வேலை என்று ஏசிய அந்தத் துண்டு, சரியாக அந்த 454 மில்லி. அளந்தது ஐந்து லிட்டர், முகத்தில் எழுதியதும் ஐந்து லிட்டர். நாணயமாக இருந்த ஒரு யந்திரம். நான் எண்ணைச் சுரண்டி, முகத்தில் ஒரு காலன் என்றும் வயிற்றில் ஐந்து லிட்டர் என்றும் ஆக்கி, அதைப் பொய்யனாக்கிவிட்டேன். என்னைவிட அந்த முகம் தெரியாத பெயிண்டர் சரித்திரம் அறிந்தவர்.

மற்ற சாயங்களின் வயதையும் பெரியவரே சொன்னார். மஞ்சள் ஷெல் காலத்தது. நீலம் சர்க்கார் காலத்தது: 1976 ஜனவரி 24-ம் தேதி பர்மா-ஷெல் அரசுடைமை ஆயிற்று, மறு வருஷம் ஆகஸ்டில் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறிற்று. எஸ்ஸோ 1974-லேயே கைமாறிவிட்டது. கால்டெக்ஸும் 1976 முடிவதற்குள் போயிற்று. அதற்குள் மின்சாரப் பம்பு வந்துவிட்டதே, இதற்கு ஏன் நீலம் அடித்தார்கள் என்று கேட்டேன். "கரண்ட் போனா இதுதானே தம்பி சோறு போடும்! மூலையிலே நிக்கட்டும்னு வெச்சிருந்தோம்" என்றார். பச்சை மட்டும் காயலான் கடைக்காரரின் கைங்கரியம். அது போனதில் யாருக்கும் நஷ்டமில்லை.

லேத்துக்காரருக்கு அன்றே சொல்லியனுப்பினேன். உப்புத்தாளை மூட்டை கட்டினேன். முதுகுப் பக்கத்தில் நான் இன்னும் கைவைக்காத இடத்தில் நீலமும் மஞ்சளும் அப்படியே இருக்கின்றன; அங்கே எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி. உடைந்த குடுவைக்குக் கண்ணாடி தேடிக்கொண்டிருக்கிறேன். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்ததில், எனாமல் போர்டுகள்தான் கிடைத்தன. அவற்றிலும் பாதி, போன வருஷம் அடுப்பில் வேகவைத்துப் போன மாதம் துருவேற்றியவை. ஆணி ஓட்டையின் உள்விளிம்பைப் பாருங்கள்: போர்டு முழுக்கத் துருவேறி அங்கே மட்டும் பளபளப்பாக இருந்தால், பணத்தை எடுக்காதீர்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மறுபடி வந்தார். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் குங்குமத்தைக் கரைத்து, முழுசாக இருந்த குடுவையை மட்டும் சோதனை பார்த்தோம். கைப்பிடியை நான் பத்துத் தடவை தள்ளியதில் மூச்சு வாங்கிற்று. அவர் வாங்கி, உடம்பை அசைக்காமல், தோளை மட்டும் அசைத்து அடித்தார். சிவப்புத் தண்ணீர் கண்ணாடியில் ஏறிற்று. ஒட்டுப்போட்ட குழாயின் வாயைத் தொட்டது. வழிந்து உள்ளே போயிற்று. கீழே ஐந்து லிட்டர் கேனை வைத்துத் திருகைத் திருப்பினோம். கழுத்துக் கோட்டில் வந்து நின்றது. பெரியவர் குனிந்து பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

"அந்த அஞ்சை யார் எழுதினது தெரியுமா?" என்றார். "நான்தான். பெயிண்டர் வரலை, முதலாளி என் கையிலே பிரஷ்ஷைக் குடுத்துட்டாரு. இதே பம்பா, வேற பம்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எங்க பம்பிலேயும் அஞ்சு குப்புறத்தான் விழுந்திருந்தது."

நான் உள்ளே போய் ஒரு சிறு தூரிகையும் கறுப்புச் சாயமும் எடுத்து வந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கை நடுங்கிற்று. ஐம்பது வரைக்கும் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட் இல்லாத வாசலில் நின்று, கடைசி எண் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.