புல்லெண்ணெய் இழந்த பெயர்

வாசனை என்றவுடன் நம் நினைவு சந்தனத்துக்கும் மல்லிகைக்கும் பன்னீருக்கும் செல்லுமேயன்றிப் புல்லுக்குச் செல்வதில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே எளிய குடும்பங்கள் வாங்கிய சவர்க்காரங்கள் பலவற்றுக்கு மணமூட்டியது ரோசாவுமன்று, இலவந்தருமன்று. நம் நாட்டின் தென்மாகாணத்து மேட்டு நிலங்களில் விளைந்த ஒரு புல்லின் எண்ணெயேயாம். சிங்களமக்கள் பெங்கிரி மானா என அழைக்கும் அப்புல்லை உலக வணிகம் சிற்றனெல்லா எனும் பெயரால் அறியும். எலுமிச்சையை நினைவூட்டும் மணத்தால் வந்த பிரெஞ்சுப் பெயர் அது.

இக்காலத்தில் வீட்டிலிருந்தே சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்வோர் பலர் உளர். அவர்கள் வாங்கும் சிறு குப்பிகளிலும் அப்பெயர் காணப்படுகின்றது. குப்பிக்குள் இருப்பது எப்புல்லின் எண்ணெய், அல்லது புல்லின் எண்ணெய்தானா என்ற வினாவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்றுண்டு. அதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில், மேற்கே கிங் கங்கைக்கும் கிழக்கே வளவை கங்கைக்கும் இடைப்பட்ட நிலத்தில் இப்பயிர் செழித்தது. நெல்லுக்கு உதவாத குன்றுச்சரிவிலும் அது வளரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அறுக்கலாம். அறுத்த புல்லை உலர்த்தி, பெரிய உருளைக் கலத்தில் திணித்து, கொதிகலத்திலிருந்து வரும் நீராவியை அதனூடாகச் செலுத்துவர். புல்லிலுள்ள எண்ணெய் ஆவியோடு வெளியேறி, குளிர்நீர்த் தொட்டியிற் கிடக்கும் சுருட்குழாயில் மீண்டும் திரவமாகும். எண்ணெய் நீரின்மேல் மிதக்க, அதை வழித்தெடுப்பர். சாறு போன புல்லே அடுத்த வடிப்புக்கு விறகு. வாலை வைப்பதற்கு இதைவிடச் சிக்கனமான பயிர் வேறு கிடைப்பது அரிது.

1850-களில் வாசனைக் கலையைப் பற்றி நூல் எழுதிய இலண்டன் வாசனைத் திரவிய வணிகர் செப்திமஸ் பியெஸ் என்பார், இவ்வெண்ணெய் மலிவாய் இருப்பதாற் சவர்க்காரத்துக்கு மிகுதியாகப் பயன்படுகின்றதென்றும், தேன் சவர்க்காரம் என விற்கப்படுவது இவ்வெண்ணெயைச் சிறிது சேர்த்த மஞ்சட் சவர்க்காரமே என்றும் குறித்துள்ளார். தேன் ஒரு துளியும் இல்லாத தேன் சவர்க்காரம்! விளம்பரக் கலை நம் காலத்திற் பிறந்ததன்று போலும். அந்நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து ஆண்டுதோறும் ஏற்றுமதியான எண்ணெய் பத்து இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்டது.

இனி, புல்லில் இருவகையுண்டு. ஒன்று லேனபட்டு, மற்றது மகா பெங்கிரி. லேனபட்டு உறுதியானது, வறண்ட மண்ணிலும் பல ஆண்டு நிற்கும். ஆனால் அதன் எண்ணெய் சற்றுக் கரடானது. மகா பெங்கிரியின் எண்ணெய் மென்மையும் இனிமையும் உடையது. ஆனால் அதற்கு நல்ல மண் வேண்டும், அடிக்கடி மறுநடவும் வேண்டும். எண்ணெயின் விலையைத் தரம் பார்த்துக் கொடுத்திருந்தால் விவசாயி இரண்டாவதை நட்டிருப்பான். கொள்வோரோ பெரும்பாலும் மலிவையே நாடினர். ஆகவே மலைச்சரிவெங்கும் லேனபட்டே பரவியது.

மலிவை நாடிய வழியிலே மண்ணெண்ணெயும் வந்து புகுந்தது. மண்ணெண்ணெய் நிறமற்றது, புல்லெண்ணெயுடன் நன்றாய்க் கலக்கும், அதன் நாற்றத்தைப் புல்லெண்ணெயின் கடுமணம் மூடிவிடும். தேங்காயெண்ணெய் கலந்தோரும் இருந்தனர். கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க இயலாத இக்களவை லைப்சிக் நகரத்து ஷிம்மெல் நிறுவனத்தார் மதுசாரத்தைக் கொண்டு பிடித்தனர். தூய புல்லெண்ணெய் எண்பது விழுக்காட்டு மதுசாரம் ஓரிரு பங்கிலே தெளிவாய்க் கரையும். பத்துப் பங்குவரை மதுசாரம் சேர்த்தாலும் சற்று மங்குமேயன்றி எண்ணெய்த்துளி பிரியாது. மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மிகுந்திருந்தால் துளிகள் பிரிந்து நிற்கும். இதுவே வணிக உலகில் ஷிம்மெல் சோதனை எனப் பெயர் பெற்றது.

சோதனை வந்தபின் கலப்படம் ஒழிந்ததா? இல்லை. எவ்வளவு கலந்தாற் சோதனையில் தப்பலாம் என்பதைக் கலப்போர் கணக்கிட்டுக் கொண்டனர்! குறைந்த அளவு மண்ணெண்ணெயை அச்சோதனை காட்டிக்கொடாது. எனவே சோதனையும் கடுமையாக்கப்பட்டது. வாங்குவோர் தாமே மாதிரியில் நூற்றுக்கு ஐந்து பங்கு மண்ணெண்ணெயைச் சேர்த்து, பின்னரும் அது கரைகின்றதா என்று பார்த்தனர். முன்னரே எல்லைவரை கலந்திருந்த எண்ணெய் இந்த ஐந்து பங்கைத் தாங்காது பிரிந்துவிடும். பள்ளியில் இரசாயனம் படித்த எவர்க்கும் இவ்வுத்தியின் எளிமை வியப்பூட்டும்.

இக்கதையைப் படிப்போர் கிராமத்து வடிப்பாளனையே குற்றவாளியாகக் காண்பது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. புல் அறுப்பவன், வடிப்பவன், தரகன், துறைமுக வணிகன் எனப் பல கை மாறிய பண்டத்தில், தூய எண்ணெய்க்கும் கலந்த எண்ணெய்க்கும் ஒரே விலை கொடுத்தால், தூய்மையாய் இருப்பவனே நட்டமடைவான். குறைந்த விலையை மட்டுமே கேட்ட வெளிநாட்டுச் சவர்க்காரக்காரனுக்கும் அப்பழியிற் பங்குண்டு.

இதற்கிடையில், இலங்கையின் மகா பெங்கிரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவுக்குச் சென்றது. அங்கே ஒல்லாந்தர் ஆட்சியில் அது பெருந்தோட்டப் பயிராயிற்று. லேனபட்டு எண்ணெயிற் சிற்றனெல்லால் என்னும் பொருள் நூற்றுக்கு ஐந்து முதற் பதினைந்து வரையே உண்டு. யாவா எண்ணெயிலோ முப்பதுக்கு மேல். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களைக் கொண்டு ரோசா மணத்தையும் வேறு மலர்மணங்களையும் இரசாயனர் ஆக்கக் கற்றபோது, உயர்ந்த வாசனைத் தொழில் முழுவதும் யாவாவை நோக்கித் திரும்பியது. பின்னர் தைவானும் குவாத்தமாலாவும் அதே புல்லை நட்டன. நம் எண்ணெய்க்கு மலிந்த சவர்க்காரமும் நுளம்புத் தைலமுமே எஞ்சின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் படையினர் நுளம்பை விரட்ட இதைப் பூசினர். இன்று முற்றத்தில் ஏற்றும் சிற்றனெல்லா மெழுகுதிரிகள் அவ்வழக்கத்தின் வாரிசுகளே. அவற்றின் காவல் நெடுநேரம் நில்லாது என்பதையும் சொல்லவேண்டும். விரைந்து ஆவியாவது இவ்வெண்ணெயின் இயல்பு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. புல்லெண்ணெயிலுள்ள செரானியோல் என்னும் ரோசா மணப்பொருளைத் தேவதாரு இனமரங்களின் தர்ப்பந்தைலத்திலிருந்தும், பின்னர் பெற்றோலியத்திலிருந்து வரும் பொருள்களிலிருந்தும் ஆக்கத் தொடங்கினர். ஒருகாலத்திற் கள்ளமாய்ப் புகுந்த மண்ணெண்ணெயின் உறவினர், இப்போது வாசனை எண்ணெய் என்ற பெயரோடு வாயில் வழியே வந்து அமர்ந்துள்ளனர். அவற்றை இழிவென்று நான் கூறேன். நிறமும் மணமும் குப்பிக்குக் குப்பி மாறாதிருப்பது வீட்டில் மெழுகுதிரி வார்ப்போர்க்குப் பெரிய உதவி. சவர்க்காரத்தின் காரத்தைச் செரானியோல் நன்கு தாங்கும். சிற்றனெல்லால் அவ்வளவு தாங்குவதில்லை. ஆனால் புல்லின் எண்ணெய் என்று எழுதிவிட்டு ஆலைப்பொருளை ஊற்றுவது, அன்று மண்ணெண்ணெய் ஊற்றியதற்கு வேறானதன்று.

வாசனைச் சந்தையில் இன்றும் இருவகைச் சிற்றனெல்லா எண்ணெய்கள் தனித்தனிப் பெயரோடு வழங்குகின்றன. மலிவானது இலங்கை வகை; உயர்ந்தது யாவா வகை. அந்த யாவா வகைப் புல்லுக்கு 1908-இல் ஜோவிற் என்னும் ஆய்வாளர் இட்ட தாவரவியற் பெயர் சிம்போபோகன் விண்ரரியானஸ் என்பது. விண்ரர் என்பவர் இலங்கையில் அப்புல்லை வளர்த்து எண்ணெய் வடித்தவர்.