ஸர்க்கில் தேடிய செய்தி

ஷாம் நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அபூ உபைதா (ரலி) அவர்களும் படைத்தலைவர்களும் எதிர்கொண்டு வந்து, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். முன்னே செல்வதா, திரும்புவதா?

முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்சாரிகளும் அவ்வாறே வேறுபட்டனர். மக்கா வெற்றியை ஒட்டி ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களே திரும்பிவிடுமாறு ஒருமித்துக் கூறினர். உமர் (ரலி) திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்க, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விடையளித்தார்கள்.

பாடம் நடத்துகையில் நான் தயங்கி நிற்குமிடம் இதுதான். இத்தனை விவாதத்திலும் தம் கருத்துக்கு வலுச்சேர்க்க நபி (ஸல்) அவர்களின் பெயரை எவரும் பயன்படுத்தவில்லை. கொரோனா நாட்களில் 'ஹதீஸ்' என்ற பெயரில் நம் கைப்பேசிகளில் குவிந்த மருந்துக் குறிப்புகளை எண்ணினால் வெட்கமாயிருக்கிறது. அவற்றுள் சிலவற்றை நானும் பிறருக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஏதோ அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) பின்னரே வந்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்போர் அதற்கஞ்சி வெளியேறவும் வேண்டாம் என நபி (ஸல்) கூறியதைத் தாமே கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து மதீனா திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) ஷாமிலேயே தங்கி, ஹிஜ்ரி 18-இல் அம்வாஸ் கொள்ளைநோயில் வஃபாத்தானார்கள்.