கோசாம்பிக்கு எத்தனை மதிப்பெண்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறாள், நெல் மரபணு ஆராய்ச்சி செய்கிறாள். கூடவே கருங்குறுவை, காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா என்று பழைய நெல் ரகங்களைப் பற்றித் தமிழில் கட்டுரைகளும் எழுதுகிறாள். பதவி உயர்வு நேர்காணலில் அந்தக் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டார்களாம். யாரும் மேற்கோள் காட்டாதவற்றுக்கு மதிப்பெண் இல்லையாம்.

"தமிழ்ல எழுதறதை விட்டுடட்டுமா சார்?" என்றாள். பிறகு அவளே, "எங்க மரபணு வரைபட சாஃப்ட்வேர்ல 'கோசாம்பி'ன்னு ஒண்ணு வரும். நீங்க வகுப்புல சொன்ன கோசாம்பி வேற ஆள்தானே?" என்று கேட்டாள்.

ஒரே ஆள்தான் அம்மா.

தாமோதர் தர்மானந்த கோசாம்பி 1907ல் கோவாவில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்தார். தொழில் கணிதம். புனே ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியர்; 1945 முதல் 1962 வரை பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. புனேயிலிருந்து டெக்கான் குயின் ரயிலில் போய்வருவார். பழைய வெள்ளி முத்திரை நாணயங்களை ஆயிரக்கணக்கில் எடை போட்டு, புழக்கத்தில் தேய்ந்த அளவை வைத்து அவற்றின் வயதை ஆராய்ந்தார். 1948ல் பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களுக்குச் செம்பதிப்பு கொண்டுவந்தார். 1956ல் அவர் எழுதிய இந்திய வரலாற்று அறிமுக நூல், மன்னர் பட்டியலாக இருந்த வரலாற்றை உழவு, உற்பத்தி, சாதி என்று மண்ணுக்கு இறக்கியது. நான் வகுப்பில் சொன்னது இந்தக் கோசாம்பியை.

நெல் ஆராய்ச்சிக்காரர்கள் அறிந்த கோசாம்பி நான்கே பக்கத்தில் இருக்கிறார். இரண்டு மரபணுக்கள் எவ்வளவு அடிக்கடி பிரிந்து சேர்கின்றன என்பதை வைத்து, குரோமோசோமில் அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை மதிப்பிடும் சூத்திரம் அது. 1943-44ல் ஓர் ஆங்கில இதழில் வந்தது. மரபியல் அவர் தொழிலே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஆய்வுகள் மேற்கோள் காட்டுவது அதைத்தான்.

அதே 1943ல் இந்தியக் கணிதக் கழக இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார். அதன் கருத்து இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் சில ஆண்டுகள் கழித்துத் தனித்தனியே அதைக் கண்ட கர்ஹுனென், லோயேவ் என்ற இருவரின் பெயரில்தான் வழங்குகிறது. நம் நாட்டு இதழை வெளியே எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்?

சறுக்கலும் உண்டு. ரீமான் கருதுகோள் என்ற பெரிய கணிதப் புதிருக்கு விடை கண்டதாக 1959ல் வேளாண் புள்ளியியல் இதழ் ஒன்றில் எழுதினார். அது தவறு. பெயர் கெட்டது. 1962ல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 1966ல் காலமானார். பல துறையில் இறங்குவது இலவசம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். மேற்கோள்களைத் தொகுக்கும் அட்டவணையை 1964ல் யூஜின் கார்ஃபீல்ட் வெளியிட்டது, தொடர்புள்ள கட்டுரைகளைத் தேடி எடுக்க. ஆளை எடைபோட அல்ல. ஹெச்-இண்டெக்ஸ் 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோளாகியிருந்தால் பத்து. ஒரே கட்டுரை ஐயாயிரம் முறை மேற்கோளானாலும், மற்றவற்றை யாரும் தொடாவிட்டால் ஒன்று! இந்தத் தராசில் அந்த நான்கு பக்கத்துக்கு என்ன எடை என்று நீங்களே பாருங்கள். அந்த வரலாற்று நூலைப் படித்துப் பாடம் நடத்திய என் போன்ற பள்ளி ஆசிரியர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மாணவியிடம் ஒரு மன்னிப்பும் கேட்டேன். பத்தாம் வகுப்பில், "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காதே, ஒண்ணைப் பிடி" என்று அவளைக் கண்டித்தவன் நான்தான். கோசாம்பியை வாயாரப் புகழ்ந்துகொண்டே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பதவி உயர்வுக்கு வேண்டிய ஆங்கிலக் கட்டுரைகளை எழுது அம்மா, அது சோறு. தமிழை மட்டும் விடாதே. நெல்லின் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பழைய நெல் பெயர் ஏதாவது இருந்தால், கேட்டு ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்